வளைகாப்பன்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அம்மா வீட்டில் எனக்கு வளைகாப்பு. எங்கள் முறைப்படி அது மாமியார் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவர்கள் வீடு பொம்மசந்திரா பக்கம் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. வயசானவர்களை எல்லாம் அவ்வளவு படி ஏற்ற முடியாது என்று என் மாமியாரே சொல்லிவிட்டார். ஏழு மாத வயிற்றோடு நான் தினமும் ஏறி இறங்குவது பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சரி, அது வேறு கதை.

வாசல் நிறையக் கோலம், தெருவை அடைத்துச் செருப்பு, உள்ளே இரண்டு பக்கத்துச் சொந்தமும். நடுக்கூடத்தில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, வருகிறவர்கள் எல்லாம் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அந்த மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், பட்டுப்புடவையில் அவர் மனைவி, கூடவே முப்பத்தைந்துக்குள் இருக்கும் அவர்கள் மகன். அந்த அம்மா கையில் தட்டு. தட்டில் பூ, பழம், வெற்றிலை.

வளைகாப்பு வீட்டுக்குத் தட்டோடு வருபவர்களை யார் என்னவென்று கேட்பார்கள்? மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்து என் அப்பா கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைத்தார். பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து என் மாமனார் நாற்காலி எடுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி, எல்லோரிடமும் கேட்பதுபோல், "ஊட்டா ஆயித்தா?" என்று சாப்பாட்டை விசாரித்தார். அந்தப் பெரியவர் மட்டும் கூச்சத்தோடு, "நாங்க சொல்லாமதான் வந்தோம் சார், இவ்ளோ ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே" என்றாராம். "இதெல்லாம் ஒரு ஏற்பாடா, உக்காருங்க" என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை வரவேற்கப் போய்விட்டார். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

அந்த அம்மா தட்டோடு பெண்கள் இருந்த பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் வயிற்றைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த என் சித்தியிடம் மெல்லக் குனிந்து, "இவங்க அக்காவா? அப்படியே உரிச்சு வச்சிருக்குது. தங்கச்சி எங்கம்மா, உள்ள ரெடியாவுதா?" என்று கேட்டார்.

"எந்தத் தங்கச்சி?" என்றார் சித்தி. "இவ ஒரே பொண்ணாச்சே."

"இல்லம்மா, நாங்க எங்க பையனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கோம். அட்ரஸ் இதானே?" என்று சொல்லி, அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

போனில் நான் இருந்தேன். நீலப் பட்டுப்புடவை, ஸ்டூடியோ வெளிச்சம், இழுத்து வைத்த சிரிப்பு. மேலே பிள்ளையார் படம். கீழே என் பயோடேட்டா.

அந்தப் பயோடேட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது அப்பா ராத்திரி பகலாக உட்கார்ந்து டைப் பண்ணியது. என் பெயர், வயது இருபத்தேழு, உயரம், நட்சத்திரம், பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஆஸ்பத்திரி, படித்த காலேஜ், வாங்குகிற சம்பளம், ஓசூர் ரோட்டில் என் ஆபீஸ் எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடி, எங்கள் வீட்டுக் கதவு எண், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கோயில் அடையாளம் என்று ஒன்று விடாமல் போட்டிருந்தார். ஃபில்டர் காபி பிடிக்கும் என்பதுவரை இருந்தது. "மாநிறம்" என்று போட்டதற்குத்தான் நான் அப்பாவோடு சண்டை போட்டேன். மற்றதெல்லாம் எல்லா வீட்டிலும் போடுவதுதானே?

இதில் இன்னொரு வேடிக்கை. என் ஆபீஸ் வேலையே வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கையாள்வதுதான். டீ குடிக்க எழுந்து போகும்போது ஸ்க்ரீனைப் பூட்டாமல் போனால் திட்டு விழும். ஒருவருடைய பிறந்த தேதியும் விலாசமும் சேர்ந்து வெளியே போனால் எவ்வளவு ஆபத்து என்று வருடா வருடம் பரீட்சை வைப்பார்கள். முழு மார்க் வாங்கித்தான் பழக்கம். ஊரார் விவரத்தை அப்படிக் காத்த எனக்கு, என் விவரமும் அதே ஜாதி என்பது மண்டையில் ஏறவே இல்லை.

எங்கள் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பயோடேட்டாவை எல்லோரும் மறந்துவிட்டோம். அது மட்டும் எங்களை மறக்கவில்லை.

போன் கை மாறி கை மாறிப் போனது. பெரியவர் எழுந்து நின்று, குற்றவாளி மாதிரிக் கைகளைக் கோத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். திருப்பத்தூர் பக்கம் அவர்கள் ஊர். மகனுக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு புரோக்கர் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் பயோடேட்டாவை அனுப்பியிருக்கிறார். பொருத்தம் பார்த்ததில் எல்லாமே கூடி வந்திருக்கிறது.

"தேதிய வச்சிப் பாத்தா வயசு ரெண்டு கூட வருதேன்னு கேட்டேன் சார். பயோடேட்டாதான் பழசு, பொண்ணு இன்னும் அப்படியேதான் இருக்குதுன்னு சொன்னாரு. அப்புறம் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தாரு. இப்ப போனே எடுக்கறதில்ல. அட்ரஸ்தான் இருக்கே, நேர்லயே போயி மரியாதையா பேசிடலாம்னு வந்துட்டோம்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, என் மாமியாரின் நாத்தனார், எனக்குப் பெரியம்மா முறை, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கல்யாணம் ஆயி ஒன்றரை வருசம் ஆவுது. இன்னும் பொண்ணு வூட்லேர்ந்து ஜாதகம் சுத்துதுன்னா இன்னா அர்த்தம்? சும்மாவா சுத்தும்?"

புகுந்த வீட்டில் ஒன்றரை வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயர் அந்தக் கூடத்தின் நடுவில் கிடந்தது. இந்த மாதிரி ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் நம் வீடுகளில் அது எப்போது ஓயும்? கல்யாணம் ஆன பிறகும் பெண் வீட்டார் வேறு இடம் தேடினார்களா, பெண்ணுக்கு இஷ்டம் இல்லாமல் கட்டி வைத்தார்களா என்று ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். எழுந்து ஏதாவது சொல்லலாம் என்றால், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், மடியில் பழத்தட்டு. என் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் கை என் தோளில் விழுந்ததும் எனக்கு அழுகை முட்டியது.

என் மாமியார் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் போனில் வந்த எதையும் அழிக்காத குணம் உண்டு. குட்மார்னிங் ரோஜாப்பூ உள்பட. அதற்காக நான் எத்தனை முறை அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! அன்றைக்கு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் போனில் விரலைத் தள்ளித் தள்ளி, தனக்கு வந்திருந்த என் பழைய பயோடேட்டாவைத் தேடி எடுத்தார். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"அதே போட்டோ, அதே எழுத்து, எல்லாம் அதே. கீழ சம்மந்தி நம்பர் இருந்த எடத்துல வேற நம்பர் இருக்குது" என்றார். அந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டுப் போன் அடித்தார். ஸ்விட்ச் ஆஃப் என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னது.

"எவனோ திருட்டுப் பய நம்ம பொண்ணு படத்தக் காட்டி இவங்கள ஏமாத்தியிருக்கான். இதுல அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், அவங்க அப்பா அம்மா இன்னா பண்ணுவாங்க?" என்று மாமியார் நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார்.

பெரியம்மா விடவில்லை. "சரி, அவன் கைக்கு யாரு குடுத்தாங்க?"

"நாமதான்" என்றார் மாமியார். "இங்க எத்தினி பேரு போன்ல ஊரான் வூட்டுப் பொண்ணுங்க பயோடேட்டா இருக்குது? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. மொதல்ல நீங்க போன எடுங்க அண்ணி."

பெரியம்மாவின் போனைத் திறந்தால், ஒரு கல்யாண மண்டபத்தையே நிரப்புகிற அளவுக்குப் பெண்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. நமக்கு ஒரு ஜாதகம் சரிப்படவில்லை என்றால் தூக்கிப் போட மாட்டோம். "உங்க பையனுக்குப் பாருங்களேன்" என்று அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். அவர்கள் சங்கத்துக் குரூப்பில் போடுவார்கள். அங்கிருந்து இன்னொரு குரூப். எல்லாமே நல்ல மனசுதான், ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான். பெரியம்மா ஒரு படத்தைத் தள்ளும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் ஓரகத்தி, "ஐயோ, அது எங்க சித்தி பொண்ணு! அவளுக்கு ரெண்டு பசங்க இருக்காங்க!" என்று கத்தினாள். அவ்வளவுதான், கூடமே சிரித்துவிட்டது. பெரியம்மாவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். என் பெயர் தப்பித்தது என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிரிக்காமல் நின்றவர்கள் அந்த மூன்று பேர்தான். அந்த அம்மா தட்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை இடம் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். ஒருவழியாக எல்லாம் கூடி வந்தது என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறியிருக்கிறார். எனக்குக் கோபம் எல்லாம் போய், பாவமாகப் போய்விட்டது.

"நாங்க கெளம்பறோம்மா. நல்ல நாள் அதுவுமா வந்து சங்கடப்படுத்திட்டோம். மன்னிச்சுக்கோங்க" என்றார் அவர்.

என் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கெளம்பறீங்க? நீங்க இன்னா தப்பு பண்ணீங்க? வந்தது வந்துட்டீங்க, பொண்ணு கையில ரெண்டு வளையல் போட்டுட்டு, சாப்ட்டுட்டுதான் போவணும்."

அவர் தயங்கித் தயங்கி என் முன்னால் வந்தார். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று எடுத்தார். எனக்கு அதற்குள் கை வீங்கியிருந்தது, வளையல் ஏறவில்லை. அவர் என் விரல்களைச் சேர்த்துக் குவித்து, வலிக்காமல் மெதுவாக ஏற்றினார். கொண்டு வந்த பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று என் தலையில் வைத்தார். "நல்லா இரும்மா. சொகப்பிரசவம் ஆவணும்" என்றார். மருமகளே என்று கூப்பிட வந்தவர் அவர். நான் அழுதுவிட்டேன்.

சாப்பாடு முடிந்து அவர்கள் புறப்பட்டபோது, அந்த மகன் என் கணவரோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாரிங்க. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன், இல்லன்னா மனசு கேக்காது. சித்திரை மாசம் ஒருநாள் உங்க ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். தூரத்துலேர்ந்து பாத்துட்டுப் போலாம்னு. நீங்க எதிர்ல டீக்கடையில ஃபிரண்ட்ஸோட சிரிச்சிப் பேசிட்டிருந்தீங்க. பச்சை சுடிதார். தப்பா எதுவும் நெனைக்கலங்க. ஆனா வந்தது தப்பு."

அவர் எங்கள் முன்னாலேயே போனில் இருந்ததை அழித்துவிட்டுப் போனார். நம் பக்கத்தில் இது ஒன்றும் புதிது இல்லை. பெண் வீட்டுக்குப் போகுமுன் கோயிலிலோ பஸ் ஸ்டாப்பிலோ தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்கள். ஆனால் என் உடம்பு சிலிர்த்துப் போனது. சித்திரையில் எனக்கு மூன்று மாதம். வாந்தியும் மயக்கமுமாக இருந்தேன். சுடிதாருக்குள் தாலி இருந்தது, அது தூரத்தில் இருந்தவருக்குத் தெரிய நியாயம் இல்லை. என் பிறந்த நேரம் தெரிந்த, என் சம்பளம் தெரிந்த, நான் எந்த மாடியில் உட்காருகிறேன் என்பது தெரிந்த, முன்பின் அறியாத ஒரு ஆள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சிரித்துக்கொண்டு டீ குடித்திருக்கிறேன்.

இவர் நல்லவர். வந்து சொல்லிவிட்டுப் போனார். அதே பயோடேட்டா இன்னும் எத்தனை பேர் கையில் இருக்கிறதோ, அவர்களில் யாராவது எதிரே நின்றுவிட்டுச் சொல்லாமல் போனார்களோ என்பது எனக்குத் தெரியவே தெரியாது. தனிப்பட்ட விவரம் என்றால் என்னவோ கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். நடுரோட்டில் ஒரு டீயை நிம்மதியாகக் குடிப்பதுதான் அது என்று அன்றைக்குப் புரிந்தது.

மறுநாள் என் கணவரும் அப்பாவும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்கள். அந்த எண் யாரோ ஒருவர் பெயரில் இருந்ததாம், அவருக்கே அது தெரியாதாம். இந்தப் பயோடேட்டா எங்கள் வீட்டிலிருந்து எந்த வழியாகப் போனது என்று அப்பா ஒரு வாரம் போன் போட்டு விசாரித்தார். இவர் அவருக்கு, அவர் அவர் மச்சானுக்கு, மச்சான் ஒரு குரூப்புக்கு என்று போய், அதற்குமேல் போக வழியில்லாமல் விட்டுவிட்டார். பாவம், அன்றிலிருந்து அப்பா எதை டைப் பண்ணினாலும் என்னிடம் ஒருமுறை காட்டுகிறார்.

மார்கழிக்கு முன்னால் எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே என் மாமனார் பிறந்த நேரம், எடை, ஆஸ்பத்திரி பெயர், அறை எண், பாப்பா படம் எல்லாவற்றையும் சேர்த்துக் குடும்பக் குரூப்பில் போடத் தயாராக இருந்தார். என் மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டார். "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அது போதும். அதுக்கு மேல வேணுங்கறவங்க போன் பண்ணிக் கேக்கட்டும்." பெரியம்மாதான் முதலில் போன் பண்ணினார். நேரம் கேட்டார், மாமியார் சொல்லவில்லை. அதற்கு ஒரு மாதம் கோபித்துக்கொண்டார்.

மற்ற வளையல்கள் எல்லாம் உடைந்தும் கழற்றியும் போய்விட்டன. அந்த அம்மா போட்ட சிவப்பும் பச்சையும் மட்டும் என் பீரோவில் இருக்கின்றன. அவர்கள் மகனுக்குப் போன மாதம் கல்யாணம் நிச்சயமானதாக என் மாமியார் சொன்னார். அவரும் அந்த அம்மாவும் இன்னும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுபடி ஆபீஸ் போகிறேன். எதிர்க் கடையில் டீ குடிக்கும்போது ரோட்டின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

எங்கோ ஏதோ ஒரு குரூப்பில் நீலப் புடவை கட்டிய அந்தப் பெண் இன்னும் இருபத்தேழு வயதிலேயே மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிறாள். இன்றைக்கும் யாரோ ஒரு தாய் ஆசை ஆசையாகத் தன் மகன் ஜாதகத்தோடு அவள் ஜாதகத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அந்தத் தாயிடம் வேண்டாம்மா என்று சொல்ல எனக்குத்தான் வழி இல்லை.